ஆழமான பக்கம்

எங்கள் நாவலுக்குக் கிடைத்த இடம்
நகராட்சி நீச்சல் குளம்.
பழுதுபார்க்கத் தண்ணீரை வடித்திருந்தார்கள்.
டேனிஷ் கவிதைக்குப் பல் மருத்துவமனை,
போர்ச்சுகல் நாவலுக்கு டிராம் பணிமனை,
ஹங்கேரிக் கதைக்குத் தீயணைப்பு நிலையம் என்று
பிரனோ நகரம் முழுக்க
மாலை ஆறிலிருந்து பத்து வரை
அரை மணிக்கொரு வாசிப்பு.
ஒரே பக்கம். ஒன்பது தடவை.

எஸ்தோனிய மொழியிலிருந்து அந்தப் பக்கத்தைக்
கொண்டுவந்தவள் நான்.
என் பெயர் அட்டையில் இல்லை;
உள்ளே நான்காம் பக்கத்தில்,
அச்சகத்து முகவரிக்குச் சற்று மேலே.
அழைப்பிதழிலும் இல்லை.
என்றாலும் வந்துவிட்டேன்.

நீல ஓடுகள் மேல் மடக்கு நாற்காலிகள்.
சுவரில் 2.10 மீ. என்று எழுதிய இடத்தில்
குதிகால் செருப்போடு உட்கார்ந்தேன்,
தலைக்கு மேலே
இல்லாத தண்ணீர்.

ரடோவன் வாசித்தார்,
தொலைக்காட்சியில் கொலைகாரராக வருபவர்.
கதையில் ஒரு தீவு, ஒரு பெண்,
திரும்பி வராத படகு.
‘விளக்கை ஏற்றி வைத்துவிட்டு
இரவு முழுவதும் காத்திருந்தாள்.’
அத்தோடு பக்கம் முடிகிறது.
படகு என்னவானது என்று கேட்க
யாருக்கும் நேரமில்லை.
கையில் வரைபடம், இடத்துக்கொரு முத்திரை,
ஏழு முத்திரைக்கு ஒரு பீர் இலவசம்.
பாதிக் கைதட்டலோடு ஏணியேறிப் போனார்கள்.
அடுத்த கூட்டம் இறங்கியது.

ஒன்பது தடவையும் இருந்தவர்கள் மூன்று பேர்:
வாசித்தவர், நான்,
சாவிக்கொத்தோடு சுவரில் சாய்ந்திருந்த
குளத்துக் காவலர் ஒஸ்தாப்.
உக்ரைனிலிருந்து வந்து இரண்டாவது வருடம்.
எங்கள் மொழியில் அவருக்கு
குளோரின் அளவு தெரியும்,
‘ஓடாதே’ தெரியும்,
‘மூடப் போகிறோம்’ தெரியும்.

ஏழாவது தடவை
ரடோவனுக்குத் தொண்டை வறண்டதோ, கண் சொருகியதோ,
வாலறுந்த பல்லிபோல் வந்து விழுந்தது வாக்கியம்:
‘இரவு முழுவதையும் காத்தாள்.’

எனக்குச் சுருக்கென்றது.
அந்த ஒரு வினைச்சொல்லுக்குப் பதினோரு நாள்,
மூன்று அகராதி,
எழுதியவருக்கு இரண்டு கடிதம்,
ஒரு பதில்.
முன்வரிசையில் யாரோ
சாக்லேட் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டிலும் ஒன்பதிலும் சரியாகத்தான் வாசித்தார்.

நாற்காலிகளை அடுக்கும்போது ஒஸ்தாப் கேட்டார்,
ஆற்றில் கல்லுக்குக் கல் தாவுகிறவரைப்போல
சொல்லுக்குச் சொல் நின்று:
‘ஏழாவதில் மாற்றினார்.
பிறகு ஏன் பழையபடி?’
நாக்குப் பிசகு என்றேன்.
தலையாட்டினார், ஆமென்றல்ல.
‘காத்திருப்பது எல்லோரும் செய்வது.
பஸ்ஸுக்கு, சம்பளத்துக்கு, விசாவுக்கு.
அவள் இரவைக் காத்தாள்.
நான் இந்தக் குளத்தைக் காக்கிறேன்,
தண்ணீர் இல்லாவிட்டாலும் சம்பளம் உண்டு.’
சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.
வெறுங்குளம் ஒன்றுக்கு நாலாகச் சிரித்தது.

படகைப் பற்றி அவரும் கேட்கவில்லை.
நானாகச் சொல்ல வாயெடுத்தபோது
கையை உயர்த்தினார்,
ஓடும் பிள்ளைகளை நிறுத்தும் கை.
பிறகு விளக்குகளை அணைத்தார்,
ஆழமான பக்கத்திலிருந்து
ஒவ்வொரு வரிசையாக.

கடைசி டிராமில் பென்சிலை எடுத்தேன்.
‘இருந்தாள்’ மேல் ஒரு கோடு.
இரண்டு நிறுத்தம் தள்ளி அதை அழித்தேன்.
மூலத்தில் அவள் எதையும் காக்கவில்லை,
எண்ணெய் தீரத் தீர
கையாலாகாமல் உட்கார்ந்திருக்கிறாள்.
அவர் எழுதியது அதைத்தான்.
எனக்குக் கூலியும் அதற்குத்தான்.
தாளில் கோடு போன தடம் மட்டும்
விரலுக்குத் தட்டுப்பட்டது.

அடுத்த வாரம் தண்ணீர் நிறைத்தார்கள்.
எனக்கு நீச்சல் தெரியாது.
கரையில் நின்று பார்த்தேன்:
அங்கேதான் நாலரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்,
சுவரில் 2.10 நெளிந்துகொண்டிருந்த இடத்துக்கு நேர் கீழே.
உயர நாற்காலியில் ஒஸ்தாப்.
என்னை அவர் பார்க்கவில்லை.
தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.